‘வாங்க’ என்று பெயர் வைக்க இருந்த பஸ்

பெரிய பஸ்கள் நுழையாத ஊர்களுக்குப் போகிற மினி பஸ் ஒன்றில் சில வருடங்கள் கண்டக்டராக இருந்தேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் கிளம்பும். செந்துறை ரோட்டில் கொஞ்ச தூரம் போய், முந்திரிக் காட்டுப் பக்கம் பிரிகிற ரோட்டில் திரும்பி, ஊர் ஊராக நின்று, கடைசியில் ஒரு புளியமரத்தடிக்குப் போய்ச் சேரும். அதற்கு மேல் ரோடு கிடையாது. பி.ஏ. தமிழ் படித்தவன் எதற்கு விசில் ஊதப் போனான் என்று என் மாமனார் வீட்டில் கேட்காத ஆள் இல்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதை அவர்களுக்குப் புரியவைக்க என்னால் முடிந்ததே இல்லை.

நான் சேர்ந்து ஒரு வருடம் போல ஆனபோது பழைய டிரைவர் திருப்பூருக்குப் போய்விட, புதிதாக ஒருவர் வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. ஒடிசலான உடம்பு, காதோரம் நரை. வந்தவர் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பழைய நியூஸ்பேப்பரை நனைத்து முன் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு என்னிடம் வந்து, “தம்பி, எந்த ஊர்ல பள்ளம், எந்த ஊர்ல நாய் குறுக்க வரும், எந்த ஊர்ல ஆளு குறுக்க வரும், வரிசையா சொல்லு” என்றார். நான் சொன்னேன். அவர் ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து ஒரு பள்ளத்திலும் விடவில்லை. அன்றே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. டிரைவரண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தேன், இன்றுவரை அப்படித்தான்.

அவருக்குச் சொந்த ஊர் அரும்பாவூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் வேலை செய்து பிழைத்தவர்கள். மீசை முளைக்கும் முன்பே லாரியில் கிளீனராக ஏறி, பிறகு ஸ்டேரிங் பிடித்து, நாக்பூர், சூரத் என்று வடக்கே ஓடிக்கொண்டிருந்தார். அம்மா இறந்த செய்தி நாக்பூர் தாண்டி எங்கேயோ ஒரு தாபாவில் கிடைத்தது. வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வீடு பூட்டியிருந்தது. அதற்குப் பிறகு லாரி வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

“ஏண்ணே கல்யாணம் பண்ணிக்கல?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“பொண்ணு பாக்கறதுன்னு நாள் குறிப்பாங்க. அன்னைக்கு நான் வேற மாநிலத்துல இருப்பேன். ரெண்டு மூணு தடவ இப்படி ஆனதும் வுட்டுட்டாங்க” என்றார். பிறகு அவராகவே, “லாரில ரெண்டாவது வருசத்துலேருந்தே வண்டிகிட்ட பேச ஆரம்பிச்சிட்டேன் தம்பி. அது பதில் சொல்லாது, அது ஒண்ணுதான் கொற” என்று சிரித்தார்.

அவர் தங்கியது அரியலூரில், முதலாளியின் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு அறையில். ஒரு கட்டில், ஒரு பெட்டி, சுவரில் ஏற்கனவே யாரோ மாட்டிவிட்டுப் போன காலண்டர். ஞாயிற்றுக்கிழமையும் வண்டி ஓடினால் தேவலை என்பார். மற்ற டிரைவர்கள் லீவு கேட்டு முதலாளியிடம் நிற்பார்கள். இவர் லீவு வேண்டாம் என்று நிற்பார்.

மதியம் புளியமரத்தடியில் எங்களுக்கு நீளமான இடைவெளி உண்டு. ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு வண்டிக்குள்ளேயே சாப்பிடுவோம். அவர் மெஸ்ஸில் வாங்கிய பொட்டலத்தைப் பிரிப்பார். என் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுக்கச் சொன்னால், “எனக்கு இதே போதும் தம்பி” என்று தள்ளி உட்காருவார். ஏன் தள்ளி உட்காருகிறார் என்று எனக்குத் தெரியும். நாங்கள் செந்துறைப் பக்கம் நிலம் வைத்திருக்கிற குடும்பம், அவர் யார் என்பது அவருக்கும் எனக்கும் தெரிந்த விஷயம். நான் வீட்டில் சொன்னேன். என் மனைவி மறுநாளிலிருந்து டப்பாவில் இரண்டு பேருக்குக் கட்டினாள். “இத எடுத்துட்டுப் போயி மிச்சம் வச்சா எனக்குத்தான் திட்டு” என்றேன். அன்றைக்குச் சாப்பிட்டார். புளிக்குழம்பில் கத்திரிக்காய் குழைந்துவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். குறை சொல்லும் அளவுக்கு உரிமை வந்ததில் எனக்குச் சந்தோஷம்.

அந்த மதியங்களில்தான் பஸ் கனவு ஆரம்பித்தது. சித்திரை மாதம், தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு இறங்கிப்போன ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நமக்குன்னு ஒரு பஸ் இருந்தா, கைப்புள்ளக்காரிங்க உக்கார்ற எடத்துல ஒரு ஃபேன் மாட்டணும் தம்பி.”

“மினி பஸ்ல யாருண்ணே ஃபேன் மாட்டுவா?”

“நம்ம மாட்டுவோம். நம்ம பஸ்தானே.”

அன்று மாட்டிய ஃபேனோடு அது நிற்கவில்லை. படிக்கட்டைத் தாழ்வாக வைத்தோம், வயதானவர்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறுவது அவருக்குப் பொறுக்காது. வெங்காயக் கூடைகளுக்கு வண்டியின் பின்பக்கம் தனி இடம் விட்டோம். ஆட்டுக்கு டிக்கெட் உண்டா என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. “அது எறங்கற எடத்த அதுவா சொல்லப்போவுது? அதுக்கு எதுக்கு டிக்கெட்டு?” என்பது அவர் கட்சி. காலை ட்ரிப்பில் பாட்டு கூடாது, பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும் என்றார். சாயங்காலம் இரண்டு மடங்கு பாட்டு என்று நான் ஈடு கேட்டேன். வண்டிக்கு என்ன நிறம் என்பதற்கு மட்டும் ஒரு மாதம் ஆயிற்று. கடைசியில் வெளிர் சாம்பல் என்று முடிவானது. “சிமெண்ட் லாரி தூசி படிஞ்சாலும் அப்பத்தான் கழுவுன மாரி இருக்கும்” என்றார்.

ரூட் விஷயத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரும். அரும்பாவூரில் கிளம்பி, பெரம்பலூர் வந்து, அரியலூர் வந்து, செந்துறை தாண்டி என் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் அந்த மினி பஸ்.

“அவ்ளோ தூரத்துக்கெல்லாம் பெர்மிட் குடுக்க மாட்டாங்கண்ணே.”

“பேசறதுக்குப் பெர்மிட் வேணாமில்ல? நீ சும்மா கேளு.”

பெயர் வைப்பதை மட்டும் அவர் என்னிடம் விடவில்லை. இந்தப் பக்கத்து வண்டிகளுக்கெல்லாம் சாமி பெயரோ, முதலாளி பெற்ற பிள்ளைகளின் பெயரோ இருக்கும். இவர் ஒரே சொல்தான் சொன்னார். “முன்னாடி பெருசா, ‘வாங்க’ன்னு எழுதணும்.”

“அது ஒரு பேராண்ணே?”

“சின்ன வயசுல எங்கம்மா கூட வேலைக்குப் போவேன். போற வூட்ல எல்லாம் ‘வந்துட்டியா’ன்னுதான் கேப்பாங்க. ‘வாங்க’ன்னு ஒருத்தரும் எங்கம்மாவ சொல்லி நான் கேட்டதில்ல. பஸ் வந்து நிக்கறப்ப மூஞ்சிலயே அது எழுதியிருக்கணும். எந்தத் தெருவுல நின்னாலும் சரி.”

அதற்குப் பிறகு பெயரைப் பற்றி நாங்கள் விவாதிக்கவே இல்லை.

இந்தப் பேச்சில் மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்தார். கடைசி ஊரில் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா. தினமும் காலையில் ஏறி அரியலூர் வருவார், அடுத்த ட்ரிப்பிலேயே திரும்புவார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் அவருடைய இடம். ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ அலைகிறார் என்று நினைத்திருந்தேன். டிரைவரண்ணன்தான் கவனித்துவிட்டுச் சொன்னார்: “அந்தக்கா பஸ் ஸ்டாண்ட வுட்டு வெளிய போறதே இல்ல தம்பி. ஒரு டீ குடிச்சிட்டு நம்ம வண்டியிலயே ஏறிக்குது.”

ஒரு நாள் நானே கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

“வூட்ல பேச ஆளு இல்ல தம்பி. வீட்டுக்காரர் போயிட்டாரு. பையன் வெளிநாட்டுல இருக்கான், ஞாயித்துக்கெழம பேசுவான். இங்க வந்தா நீங்க சில்லறைக்குச் சண்ட போடறதையாவது கேட்டுட்டு வரலாம்.”

எங்கள் பஸ்ஸைப் பற்றி நாங்கள் மதியம் பேசுவது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. வெயில் குறைந்திருந்த ஒரு மதியம், கையில் மோர் சொம்போடு புளியமரத்தடிக்கு வந்தார். “ஒங்க பஸ்ல எனக்கு எந்த எடம்?” என்றார், கேலி துளியும் இல்லாமல். டிரைவரண்ணன் எழுந்து நின்று, “இதே எடந்தாங்க்கா. ஒங்க சீட்டுல வேற யாரயும் உக்கார வுட மாட்டோம்” என்றார். அதற்குப் பிறகு அக்காவும் திட்டம் போட ஆரம்பித்தார். குடிக்கத் தண்ணீர்ப் பானை வைக்க வேண்டுமாம், தினமும் அவரே நிரப்பித் தருவாராம்.

பிறகு கொரோனா வந்து எல்லா வண்டியும் நின்றது. முதலாளி ஷெட்டில் எங்கள் பஸ் நின்றது, அதன் பின்னால் டிரைவரண்ணன் தனியாக இருந்தார். மெஸ் மூடிவிட்டது. நான் பைக்கில் முடிந்தபோதெல்லாம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். போலீஸ் இரண்டு முறை நிறுத்திற்று. ஒரு நாள் போனபோது, பஸ்ஸுக்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். சாவி போடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “பேட்டரி எறங்கிடப் போவுதுன்னு பாக்க வந்தேன்” என்றார். அவர் தாடி வளர்ந்திருந்தது. குரல் அடைத்திருந்தது, பல நாள் யாரிடமும் பேசாத தொண்டை. நான் யோசிக்கவே இல்லை. “ஏறுங்கண்ணே பைக்ல” என்று எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் அம்மா வாசலில் நின்றிருந்தாள். அவர் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டார், உள்ளே வருகிற பாவனைகூடக் காட்டவில்லை. அம்மா அங்கேயே இலை போட்டாள். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சாம்பார் வாளியைத் தானே எடுத்துக்கொண்டு வந்து, “உள்ள காத்தே இல்ல, அதான் இங்க போட்டேன்” என்றாள்.

“ஆமாங்கம்மா, இங்கதான் நல்லா காத்து வருது” என்றார் அவர். ஒரு இலைகூட ஆடவில்லை.

மோட்டார் ரூமில் தங்கினார். எங்கள் கடலைக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சினார், பழுதாகிக் கிடந்த ஸ்ப்ரேயரைச் சரிசெய்தார், என் மகளுக்கு நாக்பூர் ஆரஞ்சுக் கதைகள் சொன்னார். ஒரு சாயங்காலம் சாப்பாட்டு நேரத்தில் கோடை மழை கொட்ட ஆரம்பித்தது. அவர் வேப்பமரத்தடியில் இலையைக் கையில் பிடித்துக்கொண்டு நனைந்தார். அம்மா வாசலிலிருந்து சத்தம் போட்டாள்: “அங்க எதுக்கு நனையறீங்க? உள்ள வாங்க!”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இலையோடு உள்ளே வந்தார். அன்றிலிருந்து கூடத்தில்தான் சாப்பாடு.

மறுபடி வண்டி ஓட ஆரம்பித்தபோது பழைய கூட்டம் இல்லை. அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆன பிறகு, மெயின் ரோடு வரை நடந்துபோய் அதில் ஏறினார்கள். தப்பில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். சத்துணவு அக்கா மட்டும் எங்கள் வண்டியிலேயே டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். பாதி சீட்டு காலியாக ஓடிற்று. ஒரு நாள் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“எனக்குக் கட்டுப்படியாகலப்பா. வித்துடலாம்னு இருக்கேன். வெளியாளுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒங்கள ஒரு வார்த்த கேக்கறேன். ரெண்டு பேரும் சேந்து எடுத்துக்கறீங்களா?”

அன்று புளியமரத்தடிக்குப் போய் வண்டியை நிறுத்தியதும் அவர் ஸ்டேரிங்கைப் பிடித்தபடியே, “தம்பி, நெசமாவா கேட்டாரு?” என்றார். அவர் முகம் சின்னப் பையன் முகம்போல ஆகியிருந்தது. விற்க முடியாத நஷ்ட வண்டியைத்தான் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அதை நான் காதில் வாங்கவில்லை.

பெரம்பலூரில் ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸுக்குப் போனோம். இருவரும் இஸ்திரி போட்ட சட்டை. நிலப் பத்திரம் வைத்தால் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் நிலம் செத்துப்போன என் அப்பா பெயரிலும் சித்தப்பா பெயரிலும் கூட்டுப் பட்டாவில் இருந்தது. சித்தப்பா கையெழுத்து வேண்டும். போய்க் கேட்டேன்.

“நீ தனியா வாங்கறேன்னா இப்பவே போடறேன்” என்றார் சித்தப்பா. “அந்த ஆளோட கூட்டுன்னா மாட்டேன். நம்ம நெலத்த அடமானம் வச்சு அவங்களுக்குப் பஸ் வாங்கிக் குடுத்தான்னு ஊரே பேசும்.”

“நாந்தான சித்தப்பா அடைக்கப் போறேன்?”

“அடைக்கறது பெரிசில்லடா. பேச்சு வரும்ல?”

வெகுநேரம் வாதாடினேன். சித்தி சாப்பிடக் கூப்பிட்டும் சாப்பிடாமல் வந்துவிட்டேன். மறுநாள் டிரைவரண்ணனிடம், “பட்டா கூட்டா இருக்குல்லண்ணே, அதுல கொஞ்சம் சிக்கல்” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “சித்தப்பாரு நல்லா இருக்காரா?” என்றார்.

“இருக்காரு.”

“சரி வா, பசிக்குது.”

அன்று அவர்தான் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் யோசனையைச் சொன்னேன். பேருக்கு என் பெயரில் வாங்குவோம், உள்ளுக்குள் இருவருக்கும் பாதி. அவர் சால்னாவைத் தொட்டுக்கொண்டே, “யோசிச்சுச் சொல்றேன்” என்றார்.

அந்த யோசனைக்கு அவரிடமிருந்து பதில் வரும் முன் வேறு ஒன்று நடந்தது. சில மாதங்களாகவே சாயங்கால ட்ரிப்பில், “முன்னால வந்து நில்லு தம்பி, பேச்சுத் துணைக்கு” என்று என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். நானும் எதிரே வருகிற லாரி, குறுக்கே வருகிற மாடு என்று சொல்லிக்கொண்டே வருவேன். அது அவருக்கு எதற்கென்று நான் யோசிக்கவில்லை. அன்று பின்னால் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். பொழுது சாய்கிற நேரம். முள் சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் ரோட்டைக் கடந்தாள். பிரேக் ரொம்பத் தாமதமாக விழுந்தது. வண்டி குலுங்கி, அவள் சேலை முந்தானைக்குக் ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவள் எங்களைத் திட்டிவிட்டுப் போனாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டிரைவரண்ணன் என்ஜினை அணைத்தார். சாவியை எடுத்து என் கையில் வைத்தார். “எனக்கு அது ஆளுன்னே தெரியல தம்பி. நெழலுன்னு நெனச்சேன். இனிமே நான் ஓட்டக்கூடாது.” நான் முதலாளிக்குப் போன் செய்து வேறு டிரைவர் வரும்வரை, அவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்கால ட்ரிப்பில் திரும்பிக்கொண்டிருந்த சத்துணவு அக்கா இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில், சர்க்கரை கண்ணுக்குள் இறங்கிவிட்டது, இனி ஓட்டவே கூடாது, இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம் என்றார்கள். வெளியே வந்ததும் அவர், “நீ வாங்கு தம்பி. ஒன் பேருலயே வாங்கு. நான் டிக்கெட் குடுக்கறேன், கூட்டத்துல தடவித் தடவியாவது குடுத்துடுவேன்” என்றார். நான் மாட்டேன் என்றேன். அவர் ஓட்டாத அந்த பஸ்ஸை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அவர் அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை.

பஸ்ஸை ஒரு பள்ளிக்கூடத்துக்கு விற்றார்கள். மஞ்சள் பெயிண்ட் அடித்துப் பெரம்பலூர்ப் பக்கம் ஓடுவதாகக் கேள்வி. நான் அரியலூரில் ஒரு பார்சல் ஆபீஸில் சேர்ந்தேன். டிரைவரண்ணன் ஷெட் அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. எங்கள் மோட்டார் ரூமுக்கே வந்துவிடுங்கள் என்றேன். “சித்தப்பாருக்கும் ஒனக்கும் நடுவுல நான் எதுக்கு?” என்று கேட்டுவிட்டார். அவர் என்றைக்கோ எல்லாம் தெரிந்துகொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அக்காதான் வழி சொன்னார். ரூட் நின்றுபோனதால் அவரும் வீட்டிலேயே அடைந்து கிடந்தார். ஒரு நாள் மெயின் ரோடு வரை நடந்து, அரசு பஸ் பிடித்து எங்களைத் தேடி வந்தார். “என் வூட்டு முன் ரூம் சும்மா கெடக்குது. வந்து இருங்க” என்றார் டிரைவரண்ணனிடம்.

“வேணாங்க்கா. ஊரு பேசும்.”

“எங்கிட்டதான் ஒருத்தரும் பேசறதில்லயே. பேசட்டும், அதயாவது கேக்கறேன்.”

ஊர் பேசத்தான் செய்தது. வெளிநாட்டிலிருந்து மகனும் போனில் கத்தினான், யார் அந்த ஆள், எந்தத் தெரு ஆள் என்றெல்லாம். நான் அன்று அங்கே இருந்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ வந்து எங்கூட இருக்கியா? வா, இப்பவே அவர காலி பண்ணச் சொல்றேன்” என்றார். அவன் போனை வைத்துவிட்டான். அந்த ஊரில் இன்னமும் டிரைவரண்ணனுக்குத் தண்ணீர் கொடுக்கத் தயங்குகிற வீடுகள் உண்டு. அவர் அந்த வீடுகளுக்குப் போவதில்லை. இரண்டு ஆடு வளர்க்கிறார். டிவியில் எந்தச் சேனல் வைப்பது என்று தினமும் இருவருக்கும் தகராறு. பஞ்சாயத்துக்கு எனக்குத்தான் போன் வரும்.

மாதம் ஒரு முறை கண் வைத்தியத்துக்கு மூன்று பேரும் பெரம்பலூர் போகிறோம். அக்காவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் வருவார். போன மாதம் போன பஸ்ஸின் டிரைவர் கொஞ்சம் வேகக்காரர். திருப்பத்துக்குத் திருப்பம் டிரைவரண்ணனின் வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோல பஸ் தரையை அழுத்துவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு ஸ்டாப்பில் கிழவி ஒருத்தி இறங்கி முடிப்பதற்குள் வண்டி நகர, நான் என்னை மறந்து, “இருங்க இருங்க, ஆளு எறங்குது” என்று சத்தம் போட்டுவிட்டேன். கண்டக்டர் என்னை முறைத்தார்.

“ரெண்டு பேரும் சும்மாவே வர மாட்டீங்களா?” என்றார் அக்கா.

“நான் என்னக்கா பண்றது? காலு சொன்னா கேக்க மாட்டேங்குது” என்றார் டிரைவரண்ணன். சொல்லிவிட்டு, அடுத்த திருப்பத்துக்கு இப்போதே காலைத் தயாராக வைத்துக்கொண்டார்.